நேசம் சரவணமுத்துவை ஏன் விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் இலங்கைத் தமிழ்ப் பெண் அரசியல்வாதிகளைப் பற்றி வந்த கட்டுரையை விரும்பி வாசித்தேன். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் பதுளையிலும் நுவரெலியாவிலும் வென்ற மலையகப் பெண்கள் இருவரைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் உங்கள் பட்டியல் 1980 இல் பொத்துவில் தொகுதிக்கு நியமனமான ரங்கநாயகி பத்மநாதனில் இருந்துதான் தொடங்குகிறது. நாடாளுமன்றத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் சரி. சட்டம் இயற்றும் சபைக்குப் போன முதல் தமிழ்ப் பெண் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, நேசம் சரவணமுத்துவை அடியோடு விட்டது எப்படிச் சரியாகும்? அவர் 1932 இலேயே கொழும்பு வடக்கு மக்கள் தெரிவுசெய்து, நாடாளுமன்றத்துக்கு முன்னர் இருந்த அரசாங்க சபைக்கு அனுப்பிய உறுப்பினர். அதே கொழும்பு வடக்கில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

அவர் அரசியலுக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியர் காலத்து டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இல் முதல் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தது. அதற்கு முந்திய சட்டசபைக்கு நூற்றுக்கு நாலு பேர் அளவில்தான் வாக்குப் போட முடிந்தது. இந்தத் தேர்தலில் 21 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டுமே என்று வேட்பாளருக்கு ஒரு நிறம் ஒதுக்கி, அந்த நிறத்தில் பெட்டி வைத்தார்கள். பிடித்தவரின் நிறப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். கொழும்பு வடக்கில் நேசத்தின் கணவர் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து வென்றார். ஆனால் தேர்தல் மனுவில் அந்த வெற்றி செல்லாமல் போயிற்று. 1932 இடைத்தேர்தலில் நேசம் நின்றார், வென்றார். ருவன்வெல்லையில் தகப்பனார் இறந்த இடத்துக்கு 1931 இடைத்தேர்தலில் வந்த அட்லின் மொலமுறேக்கு அடுத்து, இலங்கை முழுவதிலும் இரண்டாவது பெண் உறுப்பினர் இவர்தான்.

கணவன் இருந்த கதிரையில் மனைவி போய் உட்கார்ந்தார், அதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. ரங்கநாயகி பத்மநாதனும் தமையனார் கனகரத்தினம் இறந்த பிறகுதான் சபைக்கு வந்தார். அவரைப் பட்டியலில் சேர்த்தீர்களே! அப்புறம், 1936 பொதுத் தேர்தலிலும் அதே கொழும்பு வடக்கில் நேசம் மறுபடி வென்றார். அனுதாப வாக்கு என்றால் ஒரு தடவை விழும். தமிழர் வாக்கை மட்டும் நம்பி வெல்லக்கூடிய தொகுதியும் அல்ல அது. துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் சிங்களவர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர், மலையாளிகள் என்று எல்லோரும் கலந்து இருந்த காலம். 1941 இல் இறக்கும் வரை அவர்தான் உறுப்பினர்.

கணவர் கொழும்பின் முதல் மேயரானது 1937 இல். அதாவது மனைவி இரண்டு தேர்தல் வென்ற பிறகு. இருந்தும் எங்கே எழுதினாலும் 'முதல் மேயரின் மனைவி' என்றுதான் நேசத்தை அறிமுகப்படுத்துகிறார்கள். பொரளைப் பக்கம் உள்ள பி. சரா மைதானம் மேயரின் பெயரில் உள்ளது என்று நினைப்பவர்களும் நிறையப் பேர். அது அவருடைய சகோதரர் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர். 1982 இல் இலங்கை முதல் டெஸ்ட் ஆடியது அங்கேதான். கிரிக்கெட் புண்ணியத்தில் மச்சானின் பெயர் ஊர் வாயில் நிற்கிறது, சபைக்குப் போனவரின் பெயரைத்தான் காணோம்.

இன்னொரு விஷயத்தையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். நேசம் தெரிவான 1932 இல் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதிகளுக்கும் சபையில் ஆளே இல்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்ற இளைஞர் அமைப்பு தேர்தலைப் பகிஷ்கரித்ததால் 1931 இல் அங்கே யாரும் வேட்புமனுவே கொடுக்கவில்லை. 1934 இடைத்தேர்தல் வரை அந்தக் கதிரைகள் காலி. அந்த இடைவெளியில்தான் கொழும்பில் இருந்து ஒரு தமிழ்ப் பெண் சபை கூடிய காலிமுகத்திடல் கட்டடத்துக்குள் நுழைந்தார். இன்றைய ஜனாதிபதி செயலகம்தான் அந்தக் கட்டடம். பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்று இன்னும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நேசம் சபைக்குப் போனதைப் பற்றி ஒரு வரி எழுத மனம் வருவதில்லை.

2018 இல் உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பெண்கள் 25 வீத ஒதுக்கீடு முதல்முதலாக நடைமுறைக்கு வந்தபோது எங்கள் வீதிச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். நின்றவர் ஒரு பெண். நடுவில் பெரிதாகச் சிரித்தவர் அவருடைய கணவர்! வேட்பாளரின் படம் கீழ் மூலையில், முத்திரை அளவுக்கு. யாருக்கு வாக்குக் கேட்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் விசாரித்தார். தொண்ணூறு வருடத்துக்கு முந்தியவரை இன்னமும் 'மேயரின் மனைவி' என்று எழுதுகிற பத்திரிகைகள் அந்தப் போஸ்டரைக் குறை சொல்ல முடியுமா?

திருத்தம் என்று மூன்று வரி போட்டு முடித்துவிடாதீர்கள். அரசாங்க சபையின் ஹன்சார்ட் தொகுதிகள், அதாவது சபைப் பேச்சுகளின் பதிவுகள், கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. உங்கள் இளம் நிருபர் ஒருவரை அங்கே அனுப்பி, 1932 முதல் 1941 வரை நேசம் சரவணமுத்து சபையில் என்ன பேசினார், எதற்கு ஆதரவாகக் கை தூக்கினார், எதை எதிர்த்தார் என்று எடுத்து எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் தந்தால் எங்களைப் போன்ற பழைய வாசகர்கள் மட்டுமல்ல, பாடசாலைப் பிள்ளைகளும் வாசிப்பார்கள். கட்டுரை வரும்போது அவருடைய படத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகி,
கொழும்பு 13