ஐந்து பேரும் நாங்களும்: வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் என் அறிக்கை நீளம் என்று இரண்டு பேர் குறைபட்டார்கள். இந்த முறை சுருக்கமாக முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கூட்டப் பதிவேட்டைப் புரட்டினால், பாதிப் பக்கங்களை ஒரே நாவல் பிடித்துக்கொண்டிருக்கிறது. குறைபட்ட இருவரும் அந்த விவாதத்தில் அதிகம் பேசியவர்கள் என்பதால் அவர்களுக்கு இனி ஆட்சேபம் இருக்காது என நம்புகிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதம் ஒரு கூட்டம் என்ற ஏற்பாடு இந்த ஆண்டும் தவறவில்லை. சிறுகதைகள், ஒரு பயண நூல், ஒரு தன்வரலாறு பேசினோம். கவிதைக்கு ஒரு மாலை ஒதுக்கினோம். கேட்க வந்தவர்களைவிட வாசிக்க வந்தவர்கள் அதிகம். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இனி அந்த நாவல். அமெரிக்க எழுத்தாளர் மிட்ச் ஆல்பம் எழுதி 2003இல் வெளியான ‘தி ஃபைவ் பீப்பிள் யூ மீட் இன் ஹெவன்’. ஒரு கூட்டத்தில் பேசி முடிப்பதாகத் திட்டம். மூன்று கூட்டம் ஆயிற்று. வராதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எடி என்பவர் கடலோரக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் ராட்டினங்களைப் பழுதுபார்ப்பவர். தன் 83ஆம் பிறந்தநாளன்று, மேலிருந்து விழும் வண்டிக்குக் கீழே மாட்டிக்கொண்ட ஒரு சிறுமியைக் காப்பாற்றப் பாய்ந்து இறந்துபோகிறார். செத்த பிறகு சொர்க்கத்தில் ஐந்து பேரைச் சந்திக்கிறார். ஒவ்வொருவரும் அவருடைய வாழ்க்கையில் அவருக்கே புரியாமல் கிடந்த ஒரு பகுதியை விளக்கிச் சொல்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம் எனப் பிரிந்து பேசுவார்கள் என்று செயற்குழு நினைத்தது. பட்டிமன்றமாகவே வைத்துவிடலாமா என்று கூடத் தலைவர் கேட்டார். நல்லவேளை, வைக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே எங்கள் கணக்கு தப்பிவிட்டது. பக்தி மிகுந்த ஒருவர் எழுந்து, “இதில் தீர்ப்பு இல்லை, தண்டனை இல்லை, கடவுள் கண்ணிலேயே படவில்லை. இது என்ன சொர்க்கம்?” என்றார். எந்த நம்பிக்கையும் இல்லாத நம் பழைய உறுப்பினர் ஒருவர், அதே காரணத்துக்காகத்தான் தனக்குப் பிடித்தது என்றார். கணக்குத் தீர்க்கிற இடமாக இல்லாமல் விளக்கம் கிடைக்கிற இடமாக இருந்தால் போய்ப் பார்க்கலாமே என்றார். ஒரே பக்கத்தைக் காட்டித்தான் இருவரும் பேசினார்கள்.

எடி சந்திக்கும் முதல் ஆளின் உடம்பு முழுக்க நீல நிறம். நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து என்று வெள்ளி நைட்ரேட் சாப்பிட்டுச் சாப்பிட்டு அப்படி ஆனவர். இது கதைக்காகக் கட்டியது என்று பலரும் நினைத்திருந்தோம். மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் திருத்தினார். உள்ளே போகும் வெள்ளி தோலில் படிந்து, வெளிச்சம் பட்டு, தோல் சாம்பல் கலந்த நீலமாகிவிடுமாம். பிறகு மருந்தை நிறுத்தினாலும் நிறம் போகாதாம். அந்தக் காலத்தில் வலிப்புக்கும் நரம்புக் கோளாறுகளுக்கும் இதை உண்மையிலேயே கொடுத்திருக்கிறார்கள். “நம்பவே முடியாது என்று நீங்கள் சொன்ன இடம்தான் இந்தப் புத்தகத்தில் நிஜம்” என்றார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, அதைப் பதிவேட்டில் எழுதினேனா என்றும் கேட்டார். எழுதிவிட்டேன், ஐயா.

செவிலியராகப் பல ஆண்டு வேலை பார்த்த அம்மா ஒருவருக்கு ஐந்து பேரில் யாருமே முக்கியமாகப் படவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் எடிக்குக் கால்வலி காணாமல் போகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாராம். “சாகப்போகிறவர்கள் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. வலி எப்போது நிற்கும் என்றுதான் கேட்பார்கள்” என்றார். அதன் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பதிவேட்டில் அந்த இடத்தில் ஒரு வரி காலியாகவே இருக்கிறது.

இரண்டாம் கூட்டம் அப்பாவைப் பற்றியே போய்விட்டது. நாவலில் எடியின் தகப்பனார் குடிப்பவர், அடிப்பவர், கடைசியில் மகனோடு பேச்சையே நிறுத்தியவர். மூன்றாவதாக வரும் பெண், அவர் எப்படி இறந்தார் என்ற உண்மையைச் சொல்லி, மன்னித்துவிடு என்கிறார். எடியும் மன்னிக்கிறார். அதுவரை வாயே திறக்காமல் பின்வரிசையில் இருந்த ஒருவர், “அவர் மன்னிப்பே கேட்கவில்லையே. கேட்காத பொருளை இவன் ஏன் கொண்டுபோய்க் கொடுக்கிறான்?” என்றார். பக்கத்தில் இருந்தவர், அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் தன் அப்பாவின் புகைப்படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததாகச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசவில்லை. கூட்டம் முடிந்து ஒன்றாகத்தான் போனார்கள். யார் சொன்னது சரி என்று நான் குறித்துக்கொள்ளவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

இதற்கிடையில் புத்தகத்தைப் படிக்காமல், நம் உறுப்பினர் ஒருவர் தயாரித்த ஐந்து பக்கச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவருக்குக்கூட நாவல் பிடிக்கவில்லை. “ஐந்து பேர், ஐந்து பாடம், நீதிபோதனை வகுப்பு” என்றார்கள். சுருக்கியவர் மேல் தப்பில்லை. இந்த மாதிரிப் புத்தகத்தைச் சுருக்கினால் பாடம்தான் மிஞ்சும். எடியின் கிரீஸ் படிந்த கையும், பைப் கிளீனர் என்கிற பஞ்சு சுற்றிய கம்பியை வளைத்துப் பிள்ளைகளுக்கு முயல் செய்து கொடுப்பதும் முதலில் கழன்றுவிடும். அடுத்த ஆண்டு முதல் சுருக்கம் வேண்டாம் என்பது என் சொந்த யோசனை. செயற்குழு முடிவெடுக்கட்டும்.

பெரிய சண்டை மூன்றாம் கூட்டத்தில். எடி போர்க்காலத்தில் பிலிப்பைன்ஸில் சிறைப்பட்டு, தப்பிக்கும்போது குடிசைகளுக்குத் தீ வைக்கிறார். உள்ளே ஒரு சிறுமி இருந்தது அவருக்குத் தெரியாது. கடைசியாக அவரைச் சந்திப்பது அந்தச் சிறுமி, தாலா. ஆற்றில் நின்றுகொண்டு, கல்லால் தன்னைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறாள். கழுவக் கழுவத் தீப்புண் மறைகிறது. பூங்காவில் அத்தனை வருஷம் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாயே, அதற்காகத்தான் நீ அங்கே இருந்தாய் என்று அவருக்கு ஆறுதல் சொல்கிறாள். பலர் கண்ணீர் விட்டது இந்த இடத்தில்தான்.

இங்கேதான் நம்மில் இளையவரான கல்லூரி மாணவி கை தூக்கினார். “எரிந்துபோன பிள்ளை, எரித்தவருக்கு ஆறுதல் சொல்ல எத்தனை வருஷம் காத்திருந்தது? எடிக்கு ஐந்து பேர் வந்தார்கள். தாலாவுக்கு யார் வந்தார்கள்?” எடி காப்பாற்றிய சிறுமி ஆனிக்கு 2018இல் தனி நாவலே வந்துவிட்டது என்பதையும் அவரே நினைவூட்டினார். மூத்த உறுப்பினர்கள் இருவர் கோபித்துக்கொண்டார்கள். கதை எடியுடையது, வேண்டாத கேள்வி கேட்டால் எந்தக் கதையும் நிற்காது என்றார்கள். ஒருவர் பாதியில் எழுந்தே போய்விட்டார், அடுத்த மாதம் வந்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், நான் அந்த மாணவி பக்கம். அந்த அத்தியாயத்தில் அழுதவர்களில் நானும் ஒருவன், அப்புறமும் மாணவி பக்கம்தான்.

சொர்க்கத்தைக் காட்டி ஆறுதல் சொல்லும் கதைகளைப் பற்றிய இந்தச் சண்டை பழையது என்பதும் அன்றுதான் தெரிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் இறந்த பிறகு, 1868இல் எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸ் ‘தி கேட்ஸ் அஜார்’ என்ற நாவலை எழுதினார். அதில் சொர்க்கத்தில் பியானோ உண்டு, பிள்ளைகளுக்கு இஞ்சி பிஸ்கட் உண்டு. சமய போதகர்கள் சிலர் திட்டினார்கள், மார்க் ட்வைன் கேலி செய்தார், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வாங்கிப் படித்தார்கள். இதைச் சொன்ன உறுப்பினர், “அவர்களும் மூன்று கூட்டம் போட்டிருப்பார்கள்” என்றபோதுதான் அன்றைக்கு முதல்முறையாக எல்லோரும் சிரித்தோம்.

இது சம்பந்தமாகச் செயற்குழு எடுத்த தீர்மானம் ஒன்றே ஒன்று. சுற்றுக்கு விட்ட நம் நூலகப் பிரதி பென்சில் குறிப்புகளோடு திரும்பி வந்தது. புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது விதி. தாலா ஆறுதல் சொல்லும் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கை “பொய்” என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வேறொரு கை, “இருக்கட்டுமே.” அதற்கும் கீழே யாரோ தேதி மட்டும் போட்டிருக்கிறார்கள், ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. நூலகப் பொறுப்பாளர் ரப்பரோடு தயாராக இருந்தார். அழிக்க வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது. புதுப் பிரதி ஒன்று வாங்கி அலமாரியில் வைக்கப்படும். பழையதும் கேட்பவர்களுக்குக் கிடைக்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரு முறை மட்டும். எடுத்துப் போய்த் திரும்பாத நூல்கள் நான்கு. எடுத்தவர்களுக்கு அது தெரியும்.

கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும், மூன்றாம் கூட்டத்தைப் பொறுமையோடு நடத்திய தலைவருக்கும் நன்றி. அடுத்த மாதத்துக்கு நகைச்சுவை நூல் ஒன்று வேண்டும் என்று எழுத்து மூலம் கோரிக்கை வந்துள்ளது, பரிசீலனையில் இருக்கிறது. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்