கிளியோபாட்ராவின் மாளிகையும் கல் சுமந்தவர்களும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறைக் காலத்தில் சிறுவர்கள் பார்க்கத்தக்க படங்களைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது பத்திரிகைகள் செய்யக்கூடிய நல்ல பணி. அந்த வகையில், அலேன் ஷபா இயக்கி 2002இல் வெளிவந்த ‘ஆஸ்டெரிக்ஸ், ஒபெலிக்ஸ்: மிஷன் கிளியோபாட்ரா’ என்ற பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தை இலங்கை மலையக வாசகர்களுக்குத் தாங்கள் அறிமுகப்படுத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். ரெனே கொசினி எழுத, அல்பேர்ட் உதெர்சோ வரைந்த சித்திரக்கதையை நடிகர்களைக் கொண்டு படமாக்கியிருக்கிறார்கள். பிரான்சில் மட்டும் 1 கோடியே 40 இலட்சத்துக்கும் அதிகமானோர் திரையரங்குகளில் இதைப் பார்த்தார்கள்.

எகிப்தியரை ஏளனமாகப் பேசும் சீசரிடம், மூன்றே மாதத்தில் ஒரு மாளிகையை எழுப்பிக் காட்டுவதாகக் கிளியோபாட்ரா பந்தயம் கட்டுகிறாள். அரசிக்கு அது பந்தயம்; கட்டடக் கலைஞன் நுமரோபிஸுக்கோ, முடித்தால் பொன், முடிக்காவிட்டால் முதலைக்கு இரை. அவனுக்குக் கீழே கல் சுமப்பவர்களுக்குச் சாட்டையடிதான் மிச்சம். நுமரோபிஸுக்கு உதவ நண்பன் ஆஸ்டெரிக்ஸுடன் வரும் பலசாலி ஒபெலிக்ஸ், ஸ்பிங்ஸ் சிலையில் ஏறி அதன் மூக்கை உடைத்துவிடுவதும், மூலக்கதையில் அதைக் கண்ட கடைக்காரர்கள் தாங்கள் விற்கும் சிறு சிலைகளின் மூக்குகளையும் தட்டிவிடுவதும் பிள்ளைகளை வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும்.

ஆனால், தேயிலைக் கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடப்படும் வீடுகளில் வளரும் பிள்ளைகள், அந்தக் கல் சுமப்பவர்களையும் கவனிக்காமல் விடமாட்டார்கள். மூலக்கதையில், சாட்டையடியைக் குறைக்கக் கோரும்படி தொழிலாளரைத் தூண்டிவிடுபவன் நுமரோபிஸின் எதிரியான அமொன்போஃபிஸ். இந்த இடம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உரிமை கேட்பவர்கள் யாரோ தூண்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்ற பேச்சைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறோம். அது நகைச்சுவையின் வழியாகவும் பிள்ளைகளின் மனதில் பதிந்துவிடக் கூடாது. படத்திலோ தொழிலாளருக்காக முன்னின்று பேசுபவள் இத்தினெரிஸ் என்ற பெண். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும், தொழிற்சங்கத் தலைமையில் பெண்களைத் தேடிப்பார்க்க வேண்டிய நிலையிலுள்ள மலையகத்தில், சிறுமிகள் இந்தப் பாத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். ஆகையால், படம் முடிந்ததும் ஆசிரியரோ பெற்றோரோ பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றைப் பேசுவது அவசியம்.

தமிழில் வசன வரிகள் இல்லாமல் இது எதுவும் நடவாது. பிரெஞ்சு மொழியும், வேகமாக ஓடும் ஆங்கில வசன வரிகளும் தோட்டப் பாடசாலை மாணவருக்கு எட்டாதவை. கண்டியில் இயங்கும் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற நிறுவனங்கள், தமிழ் வசன வரிகளுடன் இத்தகைய படங்களை ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை ஆகிய நகரங்களின் பாடசாலை மண்டபங்களில் திரையிட முன்வர வேண்டும். வசன வரிகளைத் தமிழாக்கித் தர மலையக எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் தயங்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். இக்கோரிக்கையை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு தங்களைப் பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.