கால் துவண்ட பிள்ளையை அன்றே சொல்லுங்கள்

தொண்டி முதல் மூக்கையூர் வரை கடலோரத்தில் வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள், மருந்துக்கடைக்காரர்கள், எண்ணெய்க் கட்டுப் போடும் வைத்தியர்கள், இராமேசுவரம் விடுதிக்காரர்கள், ஏர்வாடி தர்காவில் பணிபுரிவோர் அனைவருக்கும் வணக்கம்.

போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு நீங்கள் தரும் ஒத்துழைப்பில் குறையில்லை. இப்போது கேட்பது வேறு.

15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கையோ காலோ துவண்டால், காரணம் எதுவானாலும், அன்றே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள். ‘இது கில்லன் பாரே (நரம்பு பாதித்துக் கைகால் தளரும் வேறொரு நோய்), போலியோ கிடையாது’ என்று முடிவுகட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவதுதான் இதில் வழக்கமாக நேரும் பிழை. உங்கள் கணிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பிள்ளை கணக்கில் வர வேண்டும். ஆண்டுக்கு லட்சம் பிள்ளைகளுக்கு இரண்டு பேராவது பதிவாகாத மாவட்டத்தில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பிட்டத்தில் ஊசி போட்டபின் கால் இழுத்துக்கொண்ட பிள்ளையும் இதில் சேர்த்தி.

மேற்கு வங்கத்து ஹவுராவில் 2011 ஜனவரி 13 அன்று முடங்கிய பிள்ளைக்குப் பிறகு இந்தியாவில் காட்டு போலியோ, அதாவது இயற்கையாகப் பரவும் வைரஸால் வரும் போலியோ, இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் முதல் வகை வைரஸ் இன்னும் அடங்கவில்லை. 2024இல் மேகாலயாவில் இரண்டு வயதுக் குழந்தைக்கு வந்ததோ சொட்டு மருந்து வைரஸிலிருந்து திரிந்தது. தொற்றியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவருக்குத்தான் கால் முடங்கும். மற்றவர்கள் ஓடியாடிக்கொண்டே மலத்தில் வைரஸை வெளியேற்றுவார்கள்.

அதனால்தான் மலப் பரிசோதனை. தளர்ச்சி கண்ட 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுக்க வேண்டும். வைரஸ் எல்லா நேரமும் ஒரே சீராக வெளியேறாது, ஒன்றில் தப்பினால் மற்றதில் சிக்கும். ஒவ்வொன்றும் 8 கிராம், பெரியவர் கட்டைவிரல் பருமன். திருகுமூடி டப்பா போதும். ஃபார்மலின் ஊற்றினால் வைரஸ் செத்துவிடும், பிறகு சோதித்துப் பயனில்லை. உறைந்த ஐஸ் பேக் அடுக்கிய பெட்டியில் 72 மணி நேரத்துக்குள் சென்னை கிண்டி கிங் நிலைய ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மீனுக்குப் போடும் ஐஸைக் கொட்டி அனுப்ப வேண்டாம். உருகிய தண்ணீரில் சீட்டு ஊறிப் பெயர் அழியும். அந்தப் பெட்டியில் மறுபடி தடுப்பு மருந்து வைக்கவே கூடாது.

ஐஸ் கரைந்தோ, டப்பா கசிந்தோ, மலம் காய்ந்தோ போனால் மாதிரி தேறாது. 60 நாள் கழித்துப் பிள்ளையைத் தேடிப் போய்த் தளர்ச்சி மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். இந்தக் கரையில் அந்தத் தேடல் லேசுப்பட்டதல்ல. கருப்பட்டிக் காலத்தில் குடும்பம் சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் இருக்கும். அட்டையில் உள்ள விலாசத்தில் பூட்டுத்தான் தொங்கும். ஆகவே சொந்த ஊர், தற்போது தங்கியிருக்கும் இடம், இரண்டு கைபேசி எண்கள் எல்லாம் முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

கட்டுப் போடும் வைத்தியர்களே, உங்கள் வைத்தியத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அடிபடாமலே துவண்ட கால் என்றால் கட்டுப் போடும் முன் ஒரு போன் செய்யுங்கள். காய்ச்சலோடு துவண்ட பிள்ளைக்குத் தசையில் ஊசி போடுவதை மருத்துவர்களும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். போலியோவாக இருந்தால் முடக்கம் கூடும்.

விடுதிக்காரர்களுக்கு ஒன்று: வடக்கிலிருந்து தீர்த்தமாட வந்த குடும்பத்தில் பிள்ளைக்குக் கால் துவண்டால், அவர்கள் ரயிலேறும் முன் சொல்லுங்கள். ஏறிவிட்டாலும் பதிவேட்டில் உள்ள ஊரையும் எண்ணையும் கொடுங்கள். அந்த மாவட்டத்துக்குத் தகவல் அனுப்ப அது போதும்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடலோரத் தடுப்பூசிப் பணியாளர்கள்