கீபோர்டு யார் கையில், தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

முதல் செமஸ்டர் புரோகிராமிங் வகுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். 'பெண்கள் சேரத்தான் செய்கிறார்கள் அக்கா, ஆனால் ஒரு வருடத்துக்குள் பாதிப் பேர் வேறு துறைக்கு மாறிவிடுகிறார்கள்' என்ற வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

துறையில் இதற்கென்று ஒரு கூட்டம் போடுவார்கள், பெண்கள் சிரிக்கிற மாதிரி போஸ்டர் அடிப்பார்கள். அடிக்கட்டும். நீ ஆய்வகத்துக்குப் போ. ஒரு கணினிக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் கீபோர்டு யார் கையில் இருக்கிறது என்று பார்.

நான் படித்தபோது ஒரு செமஸ்டர் முழுக்க என் ஜோடிதான் தட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். எனக்குக் கையெழுத்து அழகாம்! அவனைக் குறை சொல்லமாட்டேன், கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். செய்முறைத் தேர்வில் தனியாக உட்கார்ந்தேன். ஏதோ ஒரு வரியில் அரைப்புள்ளி விட்டுப்போய், திரை முழுக்கப் பிழைச் செய்தி. அவன் அதை நூறு தடவை பார்த்துச் சலித்திருப்பான், எனக்கு அன்றுதான் முதல் தடவை. பழக்கமில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நமக்கு இது வராது என்றுதான் தோன்றியது.

அதனால் கால் மணிக்கு ஒருமுறை இடம் மாறச் சொல். கடிகாரத்தைப் பார்த்துச் சொல், அவர்களாக மாறமாட்டார்கள். குழு புராஜெக்டிலும் அறிக்கை எழுதுவது யார் தலையில் விழுகிறது என்று கவனி.

பழக்கத்தைத் திறமை என்று எண்ணிக்கொள்வது நம் துறையின் பழைய வியாதி. எனியாக் என்ற ஆரம்பகால அமெரிக்க மின்னணுக் கணினிக்கு 1940களில் முதன்முதலாக நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அமெரிக்காவில் 1980களின் நடுவில் கணினி அறிவியல் பட்டம் வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள்தான். பிறகு அது 20 சதவீதத்துக்கும் கீழே போனது. வீட்டுக்கு வந்த கணினி பையனின் அறைக்குப் போனது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கல்லூரிக்கு வரும்போதே அவனுக்குப் பாதிப் பாடம் தெரிந்திருந்தது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இதைக் கண்டுகொண்டது. சேர்க்கையில் முன்பே நிரல் எழுதிய அனுபவத்துக்குக் கொடுத்த முக்கியத்துவத்தைக் குறைத்தார்கள், பாடங்களையும் மாற்றினார்கள். கணினி அறிவியலில் புதிதாகச் சேர்ந்தவர்களில் 1995-இல் 7 சதவீதமாக இருந்த பெண்கள் 2000-இல் 42 சதவீதம் ஆனார்கள்.

பெண்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரியில் முதல் புரோகிராமிங் பாடத்தை அனுபவம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்றுதான் பிரித்தார்கள். புதிதாகத் தொடங்கும் பையன்களுக்கும் அது நல்லது. உன் கல்லூரியில் பிரிக்க ஒத்துக்கொள்ளவில்லையா, சரி, அங்கே செய்த இன்னொன்றையாவது செய். எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் மாணவனைத் தனியாகக் கூப்பிட்டு, 'உன் ஆர்வம் பிடிச்சிருக்கு, மீதியை வகுப்பு முடிஞ்சதும் பேசலாம்' என்று சொல். அவன் முகம் வாடாமல் சொல்வது முக்கியம்.

அப்புறம், முதல் தேர்வு முடிந்த வாரம் அறையிலேயே இரு. எழுபது வாங்கியவள் வந்து துறை மாறப் படிவம் கேட்பாள். ஐம்பது வாங்கியவனோ கவலையே இல்லாமல் கேன்டீனில் இருப்பான். வருடா வருடம் இதைப் பார்க்கிறேன். படிவத்தை உடனே எடுத்துக் கொடுத்துவிடாதே. அவள் எழுதிய நிரலைத் திறந்து, எந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று வரியைக் காட்டிச் சொல். 'நீ கெட்டிக்காரி' என்று பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டாள், நானும் நம்பியிருக்கமாட்டேன்.

முதல் ஆய்வக வகுப்பு முடிந்ததும் கீபோர்டுக் கணக்கை எழுது. எத்தனை ஜோடி, யார் கையில் என்று.

அன்புடன்,
அக்கா