பைக் ஷெட்டுக்கு தகரம் வாங்குறதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல பைக் திருட்டு செய்தி அடிக்கடி வருது, எத்தனை வண்டி, யாரைப் பிடிச்சாங்க, அதோட முடிஞ்சிடுது. அந்த வண்டி எங்க நின்னுச்சு, எதைக் கழட்டி எடுத்துட்டுப் போனாங்கன்னு ஒரு வரி கூட இருக்காது. அது தெரிஞ்சா தானே நாங்க வீட்டுல எப்படி பூட்டி வைக்கணும்னு யோசிக்க முடியும். அதனாலதான் போன ஆடி மாசம் எங்க வீட்டுல நடந்ததை எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், ஆனா மழைக்கு முன்னாடி ஷெட் போடலாம்னு நினைக்கிறவங்களுக்கு உதவும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

நாங்க தூத்துக்குடில இருக்கோம். என் தம்பி 2022ல ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் எடுத்தான், மறு வருஷம் துபாய் வேலைக்குப் போயிட்டான், அக்கா வண்டியைப் பாத்துக்கோன்னு சாவியை என் கைல குடுத்துட்டுதான் போனான். 2023 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே அது. எங்க தெருவுல தண்ணி சைலன்சர் மூழ்குற அளவுக்கு நின்னு, இறங்க நாலு நாளாச்சு. அதுக்கப்புறம் தான் வீட்டுக்குப் பக்கவாட்டுல சும்மா கிடந்த இடத்துல வண்டிக்குன்னு ஒரு ஷெட் போட்டோம். மழை வெயில் படக்கூடாது, தெருவுல போறவங்க கண்ணுல படக்கூடாது, எங்க மனசுல அன்னைக்கு இருந்தது இவ்வளவுதான். இரும்பு பைப் நட்டு சுத்தியும் மேலேயும் நீலக்கலர் தகர சீட் அடிச்சு, முன்னாடி ஒரு கதவு வச்சு, நல்ல கனமான பூட்டா ஒண்ணு வாங்கி மாட்டுனோம்.

திருடன் அந்தப் பூட்டைத் தொடவே இல்ல. காலைல போய் பாத்தா பூட்டு அப்படியே தொங்குது, கதவு மூடியிருக்கு, ஷெட்டோட பின்பக்க தகர சீட் மட்டும் சுவத்துல சாஞ்சு நிக்குது, உள்ள வண்டி இல்ல. சீட் அடிக்கிறவங்க போடுறது தானே துளை போட்டு இறங்குற அறுகோணத் தலை ஸ்க்ரூ, அதை எல்லாமே வெளிப்பக்கத்துல இருந்துதான் முடுக்குவாங்க. ஒரு 8 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் இருந்தா சின்னப் பையன் கூட ஒண்ணொண்ணா கழட்டிடலாம், உடைக்கவே வேண்டாம். கழட்டுன ஸ்க்ரூவை ஒரு ஓரமா குமிச்சு வேற வச்சிருந்தாங்க. ஹேண்டில் லாக் போட்டுத்தான் இருந்துச்சு, 195 கிலோ வண்டி, அதையும் முறிச்சு தள்ளிட்டே போயிருக்காங்க. ஆடி காத்துல எங்க ஊர்ல தகரம் ராத்திரி பூரா படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், அன்னைக்கும் அப்பா சத்தம் கேட்டிருக்காரு, காத்துதான்னு நினைச்சு திரும்பி படுத்துட்டாரு.

ஷெட் போட்டுக் குடுத்தவர்கிட்ட போய் கேட்டேன். எல்லா வீட்டுக்கும் இப்படித்தாம்மா அடிக்கோம், யாரும் உள்பக்கம் நட்டு போடச் சொல்லலயேன்னாரு. அவர் சொன்னதும் பொய் இல்ல. நம்ம ஊர்ல ஷெட்டுன்னாலே மழைக்கும் வெயிலுக்கும்தான், திருட்டுன்னு யோசிச்சு யாரும் போடச் சொல்றதும் இல்ல, போட்டுக் குடுக்கிறதும் இல்ல. இப்ப ஆன்லைன்ல கூட பிளாஸ்டிக் ஷெட், மடக்கு ஷெட்டுன்னு விக்கிறாங்க, படத்துல அழகா இருக்கு, ஆனா மண்வெட்டி, டியூப், செடித்தொட்டி வைக்கத்தான் அது லாயக்கு. எங்க ஊர் காத்துக்கே தாங்காது, கத்தி வச்சு கிழிக்கிறவனுக்கு எப்படி தாங்கும். லட்ச ரூபாய்க்கு மேல போட்டு வாங்குன வண்டியை தயவுசெஞ்சு அதுல வைக்காதீங்க.

இன்சூரன்ஸ் விஷயத்தைக் கட்டாயம் சொல்லணும், ஏன்னா இது தெரியாதவங்க எங்க தெருவுலயே நிறைய பேர் இருக்காங்க. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலர் வாங்குனா அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் சேர்த்தே போட்டுடுவாங்க, நாங்களும் 2027 வரைக்கும் இருக்குன்னு நிம்மதியா இருந்தோம். ஆனா அந்த அஞ்சு வருஷம் தேர்ட் பார்ட்டிக்கு மட்டும்தான், அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு. திருட்டு, வெள்ளம், தீ இதெல்லாம் ஓன் டேமேஜ்ல வரும், அது எங்களுக்கு ஒரு வருஷத்துக்குத்தான் இருந்துச்சு, 2023லயே முடிஞ்சிருச்சு. வண்டி ஓடாம சும்மாதான நிக்கிதுன்னு நான் புதுப்பிக்கல. வெள்ளத்துக்கும் ஒரு ரூபாய் வரல, திருட்டுக்கும் வரல. ஓடாம நிக்கிற வண்டிக்குத்தான் அது முதல்ல வேணும்ங்கிறது எனக்கு அப்புறம்தான் உறைச்சது. இதைப் படிக்கிறவங்க இன்னைக்கே பாலிசியை எடுத்து ஓன் டேமேஜ் தேதி எதுவரைக்கும்னு பாருங்க. ரெண்டு சாவியையும் தொலைக்காம பத்திரமா வைங்க, கிளைம் பண்ணும்போது ரெண்டையும் கேப்பாங்க. சேஸ் நம்பர், இன்ஜின் நம்பரை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க.

புகார் குடுக்கும்போது இன்னொண்ணு. நான் பதட்டத்துல "வீட்டுப் பக்கத்துல நின்ன வண்டி"ன்னு சொன்னேன், அப்படியே எழுதிட்டாங்க. ஷெட்டைக் கழட்டி உள்ள இருந்து எடுத்தாங்கன்னு தெளிவா எழுதச் சொல்லியிருக்கணும். புது சட்டத்துல, அதான் பாரதிய நியாய சன்ஹிதால, சாதாரண திருட்டுன்னா பிரிவு 303, மூணு வருஷம் வரைக்கும், குடியிருக்கிற கட்டிடத்துலயோ பொருளைப் பாதுகாத்து வைக்கிற கட்டிடத்துலயோ திருடுனா பிரிவு 305, ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. நம்ம வாயில இருந்து வர்ற ஒரு வார்த்தையால கேஸே மாறுது.

தம்பி வண்டி இன்னும் கிடைக்கல. ஆனா அப்பாவோட ஸ்ப்ளெண்டரும் என் ஸ்கூட்டியும் வீட்டுல இருக்கே, அதுக்காக மறுபடி ஷெட் போட்டோம். இந்த தடவை தரையில இருந்து ஆரம்பிச்சோம், நான் சொல்ல வந்ததே இதுதான். சீட்டு என்ன கலர், எத்தனை அடி உசரம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி வண்டியை தரையோட எப்படி சேர்த்துக் கட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. காங்கிரீட் போடுறதுக்கு முன்னாடி ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழத்துக்கு குழி எடுத்து, 16 எம்எம் கம்பியை தலைகீழ் ப மாதிரி வளைச்சு, கீழ் ரெண்டு காலையும் வெளிப்பக்கமா மடக்கி குழியில நிறுத்தி, தரையோட சேர்த்தே காங்கிரீட் போட்டுட்டோம், வளையம் மட்டும் வெளில தெரியும். அந்த வளையத்துல லூசா ஒரு ஜிஐ பைப் துண்டைக் கோத்து விட்டுருக்கோம், ரம்பம் வச்சு அறுத்தா பைப் உருளும், பல்லு பிடிக்காது. இது எங்க பெரியப்பா மகன் சொன்ன யோசனை, அவர் லேத்துல வேலை பாக்குறாரு. சங்கிலி கெட்டியான, சூடாக்கி கடினமாக்குன சங்கிலியா இருக்கணும், வண்டியோட பிரேம் வழியா விட்டு வளையத்துல பூட்டணும். முன் சக்கரத்துல மட்டும் பூட்டுனா சக்கரத்தைக் கழட்டி வச்சுட்டு மிச்சத்தைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. சங்கிலி தரையில படுத்துக் கிடக்கவும் கூடாது, தரையை அணைப்பா வச்சு சுத்தியலால அடிக்கவும் கட்டர் போடவும் அதுதான் வசதி, தொங்குற மாதிரி இழுத்துப் பூட்டுங்க.

தரை உசரமும் முக்கியம். வெள்ளத்துக்கு பயந்து ஒரு அடி ஏத்துனோம், அதுக்கு முன்னாடி ஆறடி நீளத்துக்கு சாய்வு விட்டு, டயர் வழுக்காம இருக்க குறுக்க கோடு போட்டுருக்கு. சாய்வு செங்குத்தா இருந்தா அப்பா மாதிரி வயசானவங்களால வண்டியைத் தள்ளி ஏத்த முடியாது, அப்புறம் அது வெளியதான் நிக்கும்.

சுவர் விஷயத்துல, நாலடிக்கு ஹாலோ பிளாக் கட்டி அதுக்கு மேலதான் சீட். நாலடி உசர சுவத்துக்கு மேல பைக்கை லேசுல தூக்கிட்டுப் போக முடியாது. மேல சீட்டு எல்லாத்துக்கும் வெளிப்பக்கம் உருண்டைத் தலை போல்ட், நட்டு உள்பக்கம், அதுலயும் ஒரு பொட்டு வெல்டிங். கதவு கீலும் நாதாங்கியும் அதே மாதிரிதான், எந்த ஸ்க்ரூ தலையும் வெளில தெரியக்கூடாது. கதவு நாலடி அகலம் வேணும், மூணடி போதும்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க, கிளாசிக் ஹேண்டில்பாரே 31 இன்ச், வண்டியைத் தள்ளுற ஆளும் பக்கத்துல நடக்கணும்ல. உள்ள ரெண்டு வண்டி நிக்க 9க்கு 7 அடியாவது வேணும், ஒரு கிளாசிக் மட்டுமே ஏழடி நீளம், குனிஞ்சு சங்கிலி மாட்ட இடம் இல்லன்னா ரெண்டாம் நாளே மாட்டுறதை விட்டுடுவோம்.

கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உப்புக்காத்து வெறும் ஜிஐ சீட்டை சீக்கிரமே தின்னுடுது. அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசுன கால்வால்யூம் சீட்டு கொஞ்சம் தாங்குது, ஆனா வெட்டுன ஓரம், துளை போட்ட இடம், வெல்டிங் பட்ட இடம் எல்லாம் துரு அங்கதான் ஆரம்பிக்கும், அன்னைக்கே பிரைமர் அடிக்கச் சொல்லுங்க. வண்டிக்கு மேல பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, உள்ள வேர்த்து வண்டியே துருப்பிடிக்கும். காத்துப் போக மேலயும் கீழயும் கம்பி வலை வச்ச திறப்பு வேணும், பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையிலதான் தங்கும், அதனால கீழ் திறப்பை அடைக்கவே கூடாது. அந்த ஷெட்டுலயே விறகு அடுப்பு, இன்வெர்ட்டர் எதுவும் வைக்காதீங்க. நாங்க வலையை எலி நுழையாத அளவுக்குச் சின்னக் கண்ணா போட்டோம், ஏற்கெனவே ஒரு தடவை எலி ஒயரைக் கடிச்சு செலவு வச்சிருச்சு.

வாடகை வீட்டுல இருக்கிறவங்க ஷெட் போட முடியாது, எனக்குத் தெரியும், எங்க தெருவுல பாதிப்பேர் வாடகைதான், ராத்திரி வண்டி எல்லாம் வாசல்லயேதான் நிக்குது. வீட்டு ஓனர்களை நான் கெஞ்சிக் கேக்குறேன், போர்ட்டிகோவுக்கோ வாசலுக்கோ காங்கிரீட் போடும்போது ஒரு கம்பித் துண்டை வளைச்சுப் புதைச்சு விடுங்க. மிச்சம் கிடக்கிற கம்பியே போதும். மாசத் தவணை கட்டி ஓட்டுற வண்டி போனா அந்தக் குடும்பம் வண்டி இல்லாமலும் தவணை கட்டணும்.

ஷெட் போடுற வெல்டிங் பட்டறை அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள், வாடிக்கையாளர் கேக்கலன்னாலும் உள்ள என்ன வைக்கப் போறீங்கன்னு நீங்க ஒரு வார்த்தை கேளுங்க. பைக்குன்னு சொன்னா நட்டை உள்பக்கம் போட்டுக் குடுங்க, அதுக்கு ஆகுற கூலியை நாங்க தந்துடுறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி.