பிரதாப் போத்தனை டைரக்டராகவும் நினைவில் வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நடிகராக வந்து இயக்குநரானவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் பிரதாப் போத்தனுக்கு அதில் ஒரே ஒரு வரி, அதுவும் சைக்கோ வேடங்களுக்குப் பேர்போனவர் என்று. அவர் மூன்று மொழிகளில் 12 படங்களை டைரக்ட் செய்தவர் என்பது கட்டுரையில் எங்குமே இல்லை. குன்னூரில் இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் படித்து வளர்ந்தது இங்கே பக்கத்தில் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில்.

'மூடுபனி'யில் அவர் நடித்ததை யாரும் மறக்கப் போவதில்லை, மறக்கவும் வேண்டாம். 1980ல் வந்த படம், பெங்களூரிலும் நம் ஊட்டியிலும் எடுத்தது. அடுத்த வருடமே 'பன்னீர் புஷ்பங்கள்', ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கிற கதை, அதில் பையன்களுக்குப் பிடித்த வாத்தியார். இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அதற்கு அப்புறம் அவர் செய்ததைத்தான் யாரும் சொல்வதில்லை.

டைரக்டராக முதல் படம் 1985ல் வந்த 'மீண்டும் ஒரு காதல் கதை'. மனவளர்ச்சி குன்றிய ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பிக் கல்யாணம் செய்துகொள்கிற கதை. ராதிகா தயாரித்து நாயகியாகவும் நடித்தார், ஆண் வேடத்தில் பிரதாப்பே நடித்தார், கேமரா பி.சி.ஸ்ரீராம், இசை இளையராஜா. முதல் பட இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அதற்கு ஆறு வருடம் முன்பு, 1979ல், பரதன் டைரக்ட் செய்த 'தகரா' என்ற மலையாளப் படத்தில் அவர் ஏறக்குறைய அப்படிப்பட்ட ஒரு வெள்ளந்தி இளைஞனாக நடித்துப் பேர் வாங்கியிருந்தார். அந்த வேடம் அவரை விடவில்லை என்று நினைக்கிறேன், டைரக்ட் செய்ய வாய்ப்பு வந்ததும் அந்த மாதிரி மனிதரிடமே திரும்பிப் போயிருக்கிறார்.

என் அக்கா மகனுக்கு வளர்ச்சி குறைவு. அந்தக் காலத்துப் படங்களில் அவனைப் போன்ற ஒருவன் வந்தால் தியேட்டரில் ஒரே சிரிப்பாக இருக்கும், அக்கா அதனாலேயே படத்துக்கு வர மாட்டாள். இந்தப் படம் டிவியில் ஓடியபோது அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கடைசி வரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் 'இவங்களுக்கும் ஆசை இருக்கும்னு ஒருத்தன் யோசிச்சிருக்கானே' என்றாள். ஒரு டைரக்டரைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை.

அப்புறம் 1987ல் மலையாளத்தில் 'ருதுபேதம்', எழுதியவர் எம்.டி.வாசுதேவன் நாயர், அதில் நடித்த திலகனுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதற்கு அடுத்த வருடம் போர்டிங் ஸ்கூல் பிள்ளைகளின் காதலை வைத்து 'டெய்சி'. போர்டிங் ஸ்கூலில் வளர்ந்தவர் எடுத்தது அது. ஆனால் அதே கைதான் 1989ல் 'வெற்றி விழா'வையும் எடுத்தது, ஞாபகம் போன கமல், பிரபு, சலீம் கௌஸ் செய்த ஜிந்தா என்ற வில்லன், எப்பேர்ப்பட்ட விறுவிறுப்பு! இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் கமல் ஹீரோ, பிரதாப் அதில் நாடக டைரக்டராக நடித்திருப்பார். ஒன்பது வருடம் கழித்து அதே கமலை வைத்து நிஜமாகவே டைரக்ட் செய்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் போர்டிங் பள்ளியில் படித்து, விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்து வந்த மனிதர், 1994ல் திருநெல்வேலி மண்ணில் போய் நெப்போலியனை வைத்து 'சீவலப்பேரி பாண்டி' எடுத்தார். ஜூனியர் விகடனில் சௌபா எழுதிய தொடர்தான் அந்தப் படம். அந்த ஊர் மனிதர்களின் கோபத்தை வெளியாள் ஒருவர் இவ்வளவு சரியாகப் பிடித்தது சாதாரண விஷயம் இல்லை. கடைசியாக 1997ல் 'ஒரு யாத்ராமொழி', சிவாஜியும் மோகன்லாலும் சேர்ந்து நடித்த மலையாளப் படம். எல்லாப் படமும் ஓடியது, எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, 'லக்கி மேன்' எனக்கே பிடிக்காது. ஆனால் ஜெயித்த படத்தையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தவர் அல்ல அவர்.

எங்கள் ஊரையும் குறை சொல்லத்தான் வேண்டும். ஊட்டிக்கு வருகிறவர்களை டிரைவர்கள் ஒன்பதாவது மைல் ஷூட்டிங் மட்டத்துக்குக் கூட்டிப்போய் எந்தப் பாட்டு எங்கே எடுத்தது என்று காட்டுவார்கள். லவ்டேல் வழியாக அதே வண்டி போகும், இங்கே படித்த பையன் பின்னால் தேசிய விருது வாங்கிய டைரக்டர் ஆனான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

2022 ஜூலை 15ஆம் தேதி சென்னையில் அவர் காலமானார், 69 வயது. இனி வரும் ஜூலையிலாவது ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரில் அவர் டைரக்ட் செய்த படங்களில் மூன்றையாவது திரையிட வேண்டும். 'மீண்டும் ஒரு காதல் கதை', 'ருதுபேதம்', 'சீவலப்பேரி பாண்டி' என் தேர்வு. உள்ளூர் ரசிகர்கள், பள்ளியின் பழைய மாணவர்கள், மாவட்ட நிர்வாகம் யார் முன்வந்தாலும் சரி, நாற்காலி போடுவதற்கும் நோட்டீஸ் ஒட்டுவதற்கும் நான் வருகிறேன். முதல் படத்தின் பிரதியைச் சுத்தம் செய்து வெளியிட அதன் உரிமை வைத்திருப்பவர்களிடம் உங்கள் பத்திரிகை ஒரு வார்த்தை கேட்டால் நன்றாக இருக்கும். அப்படியே அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த 12 படங்களைப் பற்றி அரைப் பக்கமாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
குன்னூர், நீலகிரி