மகனுக்கு, கறுப்பு-வெள்ளைப் போர்ப்படங்களைப் பற்றி

புதுச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இத்தனை கலர் படங்கள் இருக்கும்போது எதற்காக அந்தப் பழைய கறுப்பு-வெள்ளைப் போர்ப்படங்களையே பார்க்கச் சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. நிதானமாகப் படி.

கலரில் ஒரு குண்டு வெடித்தால் நெருப்பு கண்ணைப் பறிக்கும். தீபாவளி வாணம் பார்க்கிற மாதிரி ரசிக்கத் தோன்றிவிடும். கறுப்பு-வெள்ளையில் அதே வெடிப்பில் மண்ணும் புகையும்தான் கிளம்பும். கண்ணுக்கு வேறு வேடிக்கை இல்லாததால் அது நேராக மனுஷன் முகத்துக்குப் போய்விடும். போரைப் பற்றி எடுக்கிற படத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தக் காலத்து ஜனங்கள் தியேட்டரில் பார்த்த போர்ச் செய்திகளும் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளை நியூஸ்ரீல்தான். அதனால் களத்தில் எடுத்த நிஜத் துண்டைக் கதைப்படத்தில் ஒட்டினால் ஒட்டு தெரியாது. 1949இல் வந்த ‘ட்வெல்வ் ஓ கிளாக் ஹை’ படத்தின் விமானச் சண்டையில் நிஜப் போர்க் காட்சிகளே சேர்ந்திருக்கின்றன. 1955இல் வந்த ‘தி டாம் பஸ்டர்ஸ்’ படத்தை எடுத்தபோது கலர் ஃபிலிம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போய் அணையில் மோதும் குண்டைச் சோதித்தபோது எடுத்த பழைய ஃபிலிமைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்காகவே முழுப் படத்தையும் கறுப்பு-வெள்ளையில் எடுத்தார்கள். 1966இல் வந்த ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ இதற்கு நேர் எதிர். அதில் நியூஸ்ரீல் ஒரு அடி கூடக் கிடையாது. எல்லாமே இயக்குநர் பொண்டெகோர்வோ நடிக்க வைத்து எடுத்தவை; கையில் பிடித்த கேமரா, சொரசொரப்பான பிரிண்ட், கூட்டத்துக்குள் இடிபட்டு நகரும் ஷாட். நிஜமில்லை என்று தெரிந்த பிறகும் நம்ப முடியாது.

ஒளிப்பதிவாளருக்கு இதில் இருக்கும் சிரமத்தையும் தெரிந்துகொள், பார்க்கும்போது உதவும். காக்கிச் சட்டை, புல், சேறு மூன்றும் கறுப்பு-வெள்ளையில் ஏறக்குறைய ஒரே சாம்பல். சும்மா கேமராவை வைத்தால் ஆள் மண்ணோடு மண்ணாகக் கரைந்துவிடுவான். அதனால் பின்னாலிருந்து விளக்கடித்து, தலைக்கவசத்துக்கும் தோளுக்கும் ஒரு வெளிச்சக் கோடு கொடுப்பார்கள். நடுவில் புகை போடுவார்கள். புகைக்குப் பின்னால் இருப்பது வெளுத்துத் தெரியும், முன்னால் இருப்பது கறுத்துத் தெரியும், தூரம் தானாக வந்துவிடும். வானத்துக்கு லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர். நீலம் அதில் அடிபட்டுப்போய் வானம் கறுக்கும், மேகம் பளிச்சென்று நிற்கும். அதே ஃபில்டரைப் போட்டு எக்ஸ்போஷரையும் குறைத்தால் பட்டப்பகலில் ராத்திரியே எடுத்துவிடலாம். நிழல் கூர்மையாக விழுகிற ‘ராத்திரி’ பலவும் அப்படி வந்ததுதான்.

‘பாத்ஸ் ஆஃப் குளோரி’யில் ஒரு இடம் சொல்கிறேன், திரும்பத் திரும்பப் போட்டுப் பார். 1957, ஸ்டான்லி குப்ரிக் இயக்கியது. கர்னலாக வரும் கிர்க் டக்ளஸ் பதுங்குகுழிக்குள் நடந்து வருகிறார். கேமரா அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்வாங்கிப் போகிறது. இரண்டு பக்கமும் சிப்பாய்கள் மண்சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். மேலே குண்டு விழ விழத் தூசி கொட்டுகிறது, யாரும் பேசுவதில்லை. அடுத்து கர்னலின் கண்ணாகவே கேமரா முன்னால் போகும்போது அந்தச் சிப்பாய்கள் நம்மைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இவர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள் என்பது அந்த முகங்களிலேயே தெரியும். பிறகு, தாக்குதல் தோற்றதற்காகச் சிப்பாய்கள்மேல் ராணுவ விசாரணை. அது ஒரு அரண்மனை மண்டபத்தில், கட்டம் போட்ட பளிங்குத் தரையில், வெள்ளை வெளிச்சத்தில் நடக்கிறது. கீழே சேற்றில் சாகிறவனுக்கு இருட்டு, மேலே தீர்ப்புச் சொல்கிறவனுக்கு வெளிச்சம். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் படம் இதைச் சொல்லிவிடுகிறது. பிரெஞ்சு ராணுவத்தை இப்படிக் காட்டியதால் 1975 வரை பிரான்சில் அது திரைக்கு வரவில்லை.

நம் கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்தில் 1914-1918 என்று இருக்கிறதே, அந்தப் போர்தான் இது. இங்கிருந்து சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாகப் போனவர்கள் நின்றதும் அதே ராணுவத்தின் வரிசையில்தான். இந்தப் படம் நமக்கு அந்நியக் கதை இல்லை.

‘லா கிராந்த் இல்யூஸியோன்’ நீ இருக்கும் துலூஸ் ஊரோடு சம்பந்தப்பட்டது. 1937, ழான் ரெனுவார். முதல் உலகப் போர்க் கைதிகளின் கதை. சண்டைக் காட்சி என்று ஒன்று கூட இல்லை. ரெனுவாரே அந்தப் போரில் விமானம் ஓட்டியவர், படத்தில் நடிகர் ழான் கபேன் போட்டிருக்கும் சட்டை அவருடையது. படத்தின் மூல நெகடிவை நாஜிகள் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து செம்படை மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. அழிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருக்க, 1960களில் ஃபிலிம் பரிமாற்றத்தில் துலூஸ் சினிமாத்தெக்குக்கு, அதாவது பழைய படங்களைப் பாதுகாத்துத் திரையிடும் காப்பகத்துக்கு வந்து, 1990களில்தான் அடையாளம் தெரிந்தது. உன் ரூ த்யூ தோர் தெருவில் இருக்கும் அதே சினிமாத்தெக்தான்.

நம் பக்கத்தில் ‘இரத்தத் திலகம்’ 1963இல் வந்தது, சீனப் போர் முடிந்த மறுவருஷம். சிவாஜியும் சாவித்திரியும். போரைவிட அவர்கள் இருவருக்காகவே பார்க்கலாம். லடாக்கில் எடுத்த இந்திப் படம் ‘ஹகீகத்’ (1964) களத்தை இன்னும் நெருங்கிக் காட்டும்.

இப்போது டிவி விஷயம். இதைச் சரிசெய்யாமல் படம் போடாதே. பிக்சர் மோடை ‘சினிமா’வில் வை. மோஷன் ஸ்மூத்திங்கை அணை, இல்லாவிட்டால் சீரியல் மாதிரி வழுக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணை. அது ஃபிலிமுக்கே உரிய பொடிப் புள்ளிகளை, அதாவது கிரெய்னை, அழிக்கிறேன் என்று முகத்தின் தோலையே மெழுகாக்கிவிடும். ஷார்ப்னெஸைக் குறை. படத்தில் பச்சையோ நீலமோ சாயம் அடித்தால் கலரை 0க்கு இறக்கு. ஸூம் பண்ணவே கூடாது. பழைய படம் ஏறக்குறைய சதுரமாகத்தான் இருக்கும், பக்கத்தில் கறுப்புப் பட்டை வரட்டும். திரையை நிரப்பினால் மேலும் கீழுமாகக் கால் பங்கு படம் போய்விடும். அங்கே விற்கும் பழைய டிவிடிகள் பல, விநாடிக்கு 24 ஃபிரேமை 25ஆக ஓட்டும். 100 நிமிஷப் படம் 96இல் முடியும், குரலும் கொஞ்சம் கீச்சென்றிருக்கும். புளூ-ரே வாங்கு. சப்டைட்டில் வெள்ளையில் இருந்தால் பனியிலும் வானத்திலும் எழுத்து காணாமல் போகும், முடிந்தால் மஞ்சளுக்கு மாற்று. கம்ப்யூட்டரில் கலர் ஏற்றிய பிரதியைத் தொடாதே. வெளிச்சத்தால் பிரித்து வைத்ததையெல்லாம் அந்தச் சாயம் ஒன்றாக்கிவிடும்.

முதலில் ‘பேலட் ஆஃப் எ சோல்ஜர்’ பார். 1959, சோவியத் படம், ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு டாங்கியை அழித்த பையன், மெடலுக்குப் பதில் அம்மாவைப் பார்த்துக் கூரையைச் சரிசெய்ய லீவு கேட்கிறான். மீதியைச் சொல்ல மாட்டேன். அடுத்து ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’. ‘கிராந்த் இல்யூஸியோன்’ சினிமாத்தெக்கில் போடும் வரைக்கும் காத்திரு, அதைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். ‘அல்ஜியர்ஸ்’ கடைசியில். சித்திரவதை பட்ட ஆளைக் காட்டித்தான் அது ஆரம்பிக்கும், பாப்பா தூங்கின பிறகு போடு.

அன்புடன்,
அம்மா